கொக்கியில் மாட்டாத ஹெல்மெட்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரே நினைத்துக்கொள்வார். வேலையிடத்தில், தெருவில், மாமனார் வீட்டில், எங்கே போனாலும் அவர் சப்ளைக்காரர். வயதில் சின்னவர்களுக்குச் சப்ளை அண்ணன். மனைவிக்கு மட்டும் 'என்னங்க'. கோபம் வந்தால் அவளுக்கும் சப்ளைக்காரர்தான்.

பெயர் சும்மா வந்துவிடவில்லை. மீசை அரும்பிய நாளிலிருந்து எதையாவது ஓரிடத்தில் ஏற்றி இன்னோரிடத்தில் இறக்கிக்கொண்டே இருக்கிற மனிதர். சைக்கிளில் பால் பாக்கெட் போட்டார். மூன்று சக்கர வண்டியில் கேஸ் சிலிண்டர் வைத்து மிதித்தார். தண்ணீர் லாரி ஓட்டினார். ஆஸ்பத்திரிகளுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் கொண்டுபோய்க் கொடுத்தார். எதிலும் பெரிதாக ஒன்றும் சம்பாதித்துவிடவில்லை. ஆனால் வருகிறேன் என்று சொல்லி அவர் வராமல் போனதாக இன்றுவரை ஒருத்தரும் குறை சொன்னதில்லை. அந்தப் பக்கம் ஒரு ஆள் காத்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்துவிட்டால் இவருக்குச் சாப்பாடு இறங்காது. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டது போல் நிற்பார்.

"எங்க கல்யாணத்துக்கே முதல் ஆளா வந்து உட்கார்ந்துட்டு, என்னைக் காக்க வச்சிட்டியேன்னு மூஞ்சிய தூக்கி வச்சிக்கிட்ட ஆளு இவரு" என்று மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறவள். கையும் வாயும் ஒரே வேகத்தில் ஓடும்.

அப்படிப்பட்டவர் கடைசியில் வந்து சேர்ந்த இடம் பூமிக்கு அடியில். நகரத்துக்குக் கீழே ரயில் விடுவதற்காகச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். தோண்டுவதற்கு என்று ஒரு ராட்சத மெஷின் வந்திருந்தது. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் பார்ப்பார்கள், அதன் முகத்துக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அது எவ்வளவு பெரியது, எத்தனை பற்கள், எந்த நாட்டில் செய்தது என்று கேட்பார்கள். அதற்குச் சாப்பாடு யார் போடுகிறார்கள் என்று ஒருத்தராவது கேட்க வேண்டுமே? கேட்க மாட்டார்கள். விருந்தாளியைச் சுற்றிக் கூட்டம் நிற்கும்போது அடுப்படியில் இருப்பவரை யார் நினைக்கிறார்கள்!

மெஷினுக்கு வேண்டியது நிறைய. அது கொஞ்சம் மண்ணைக் குடைந்து முன்னேறும். குடைந்த இடத்தில் கான்கிரீட் துண்டுகளைப் பொருத்தி ஒரு வளையம் கட்டுவார்கள். அந்த வளையத்தில் காலை ஊன்றி மெஷின் மறுபடி முன்னே நகரும். வளையத்துக்கும் மண்ணுக்கும் நடுவில் ஒரு சந்து விழும். அதை உடனுக்குடன் சிமெண்ட் பால் விட்டு நிரப்பியாக வேண்டும். நிரப்பாமல் விட்டால் மேலே இருக்கிற மண் கீழே இறங்கப் பார்க்கும். மண் இறங்கினால் மண்மேல் நிற்கிற வீடும் இறங்கும். ஆகவே கான்கிரீட் துண்டு, சிமெண்ட் பால், கிரீஸ் டின், குழாய், தண்டவாளம், கேபிள் என்று எல்லாம் போய்க்கொண்டே இருக்க வேண்டும். குடைந்த சேறு வெளியே வந்துகொண்டே இருக்க வேண்டும். இதற்காகச் சுரங்கத்துக்குள் குட்டித் தண்டவாளம் போட்டு இரண்டு குட்டி ரயில்கள் ஓடின. ஒன்றுக்கு டிரைவர் நம்மவர். இன்னொன்றுக்கு டிரைவர் 'அவசரம்'.

அவசரம் என்பது ஒரு இளைஞனின் பட்டப்பெயர். தேநீரை அவன் ஊதி ஊதிக் குடித்து முடிப்பதற்குள் மற்றவர்கள் ஷிஃப்டே முடித்துவிடுவார்கள். அதனால் அந்தப் பெயர். சப்ளைக்காரரும் அவசரமும் ஒரே வேலையில் இருந்தது கடவுளுக்கே கொஞ்சம் விளையாட்டுப் புத்தி உண்டு என்பதற்கு அத்தாட்சி.

பாதை ஒற்றைப் பாதை. நடுவில் ஓரிடத்தில் மட்டும் இரண்டாகப் பிரிந்து சேரும். அதற்குப் பெயர் கிராசிங். ஒரு வண்டி மெஷினிலிருந்து சேற்றோடு வெளியே வரும்வரை, சரக்கோடு வருகிற வண்டி கிராசிங்கில் ஒதுங்கி நிற்க வேண்டும். முதலில் இதற்குச் சிக்னல் விளக்கு வைத்துப் பார்த்தார்கள். மேலிருந்து சொட்டுகிற தண்ணீரில் அது நினைத்தால் சிவப்பு, நினைத்தால் பச்சை என்று எரிந்தது. வெறுத்துப்போய் டிரைவர்களே ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். கிராசிங் சுவரில் ஒரு கொக்கி. கொக்கியில் ஒரு சிவப்பு ஹெல்மெட். கிராசிங்கைத் தாண்டி உள்ளே போகிறவர் அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும், திரும்பி வரும்போது மாட்டிவிட்டு வர வேண்டும். கொக்கி காலியாக இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். ஹெல்மெட் கையில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். சப்ளைக்காரர் கொண்டுவந்த யோசனை அது. அதில் அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மெஷின் அவர் வீட்டுப் பக்கம் திரும்பியது.

திரும்பியது என்றால், வரைபடத்தில் அது முதலிலிருந்தே அப்படித்தான் இருந்தது. அவர் குடியிருந்த பழைய கட்டிடம் பாதைக்கு நேர் மேலே. கீழே சைக்கிள் ரிப்பேர் கடை, அதற்கு மேலே ஒரு வக்கீலின் ஆபீஸ், இரண்டாவது மாடியில் இவர்கள். லிஃப்ட் கிடையாது. படிக்கட்டு ஒரு ஆள் ஏறினால் இன்னொரு ஆள் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய அகலம். மெஷின் அடியில் கடக்கிற சில நாட்களுக்கு லாட்ஜில் ரூம் போட்டுத் தருகிறோம், வந்து தங்கிக்கொள்ளுங்கள் என்று கம்பெனியிலிருந்து சொன்னார்கள். கடைக்காரர் போனார். வக்கீல் கேஸ் கட்டுகளைக் கட்டிக்கொண்டு போனார். இவர்களால் போக முடியவில்லை.

காரணம் மகள். மருமகன் கப்பலில் வேலை பார்க்கிறவர், எந்தக் கடலில் இருக்கிறார் என்பது அவருக்கே சரியாகத் தெரியாது. மகளுக்கு ஏழாவது மாதம். ஏற்கனவே இரண்டு முறை தங்காமல் போயிருந்தது. இந்த முறை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: கட்டிலை விட்டு இறங்கக் கூடாது, படி இறங்குவதைப் பற்றி நினைக்கவே கூடாது. தூக்கிக்கொண்டு போகலாம் என்றால் அந்தப் படிக்கட்டில் ஸ்ட்ரெச்சர் திரும்பாது. ஆக, மெஷின் கீழே போகும்போது மகள் மேலே படுத்திருப்பாள். வேறு வழி இல்லை.

சப்ளைக்காரர் ஷிஃப்ட் இஞ்சினியரிடம் போய் நின்றார். சின்ன வயசுப் பெண், கண்ணாடி போட்டவர், கத்தாமலே எல்லாரையும் வேலை வாங்குகிறவர்.

"மேடம், ஆபத்து ஏதும் இருக்கா? உள்ளத உள்ளபடி சொல்லுங்க."

"நிக்காம போனா ஒண்ணும் ஆகாதுண்ணே. பாலும் துண்டும் வந்துக்கிட்டே இருக்கணும். வீட்டுக்கு அடியில போய் ரொம்ப நேரம் நின்னாதான் மண்ணு அமுங்குமோன்னு நான் பயப்படுவேன். அதுவும் பழைய கட்டிடம்."

அதைக் கேட்டதும் அவருக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. நிற்காமல் போக வேண்டும், அவ்வளவுதானே? நிற்காமல் கொண்டுபோய்க் கொடுப்பதைத் தவிர வாழ்க்கையில் வேறு என்ன செய்திருக்கிறார்? வீட்டுக்கு வந்து மனைவியிடம் மார் தட்டாத குறையாகச் சொன்னார். மனைவியும், "அப்புறம் என்ன, நீங்கதானே கொண்டு போறீங்க. நாங்க பாட்டுக்குத் தூங்குறோம்" என்றாள். அந்தப் பேச்சு அவர் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

மாற்று ஷிஃப்டுக்கு வருகிற மூன்றாவது டிரைவர் காய்ச்சலில் படுத்திருந்தார். மெஷின் வீட்டை நெருங்கிய இரண்டு நாளும் சப்ளைக்காரர் டபுள் ஷிஃப்ட் பார்த்தார். வீட்டுக்குப் போகவே இல்லை, தகரக் கொட்டகையில் கட்டையைச் சாய்த்தார். சுரங்கத்துக்குள் செல்போன் வேலை செய்யாது. சரக்கு இறக்குகிற பெரிய குழியின் அடிக்கு வந்தால்தான் சிக்னல் எட்டிப் பார்க்கும். ஒவ்வொரு நடையும் முடிந்து குழிக்கு வந்ததும் முதல் வேலை வீட்டுக்குப் போன்.

"எப்படி இருக்கா?"

"நல்லாதாங்க இருக்கா. நீங்க வேலையப் பாருங்க."

"சத்தம் கித்தம், ஆட்டம் ஏதாவது?"

"ஒண்ணும் இல்லைங்க. சாப்பிட்டீங்களா?"

ஒவ்வொரு தடவையும் இதே கேள்வி, இதே பதில். போனை வைக்கும்போது உயிர் திரும்பி வரும். அடுத்த நடையில் மறுபடி போய்விடும்.

மூன்றாம் நாள் காலையில் மெஷின் நேர் அடிக்கு வந்தது. சப்ளைக்காரர் துண்டுகளையும் பாலையும் கொடுத்துவிட்டு, சேற்றை ஏற்றிக்கொண்டு மெஷினிலிருந்து திரும்பினார். மனம் முழுக்கக் குழியின் அடியில் இருந்தது, போன் அடிக்கும் அந்த இடத்தில். கிராசிங்கில் அவசரம் தன் வண்டியோடு ஒதுங்கி நின்றுகொண்டிருந்தான். வழக்கமாக இவர் அங்கே நிறுத்தி, இறங்கி, ஹெல்மெட்டை மாட்டிவிட்டுத்தான் கிளம்புவார். அன்றைக்கு நிறுத்தவில்லை. கையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார். ஹெல்மெட் அவர் சீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

அவசரம் பார்த்தான். எதிர் வண்டி தன் கண் முன்னாலேயே போய்விட்டது, பாதை காலி, இனி ஹெல்மெட் எதற்கு? உள்ளே போனான். அவன் செய்ததில் குறை சொல்ல ஒன்றும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

குழிக்கு வந்த சப்ளைக்காரர் போனை எடுத்தார். மணி அடித்தது, மனைவி எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். எடுக்கவில்லை. அதற்குள் சேறு இறங்கி, கிரேன் மேலிருந்து அடுத்த வளையத்துக்கான துண்டுகளை இறக்கி, பால் தொட்டியும் நிரம்பிவிட்டது. பக்கத்துத் தண்டவாளத்தில் ஒரு வண்டி விளக்கணைத்து நின்றது. முன்பு ஓடி, ரிப்பேருக்கு நிறுத்திய பழைய வண்டி அது. இரண்டு நாள் தூக்கமில்லாத கண்ணுக்கு அது அவசரத்தின் வண்டியாகத் தெரிந்தது. 'சரி, பையன் வந்து டீ குடிக்கப் போயிருக்கான்' என்று நினைத்தார். கிளம்பும்போது கை சீட்டுப் பக்கம் போனது. சிவப்பு ஹெல்மெட். கையில் ஹெல்மெட் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்று சட்டம் போட்டவரே அவர்தானே. போனார்.

உள்ளே போகும்போது எஞ்சின் பின்னால் இருந்து பெட்டிகளைத் தள்ளும். முன் பெட்டியில் ஒரு கேமரா, டிரைவர் முன்னால் ஒரு சின்னத் திரை. கிராசிங்கைத் தாண்டி நல்ல தூரம் போன பிறகு அந்தத் திரையில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. முதலில் தண்ணீரில் பட்ட விளக்கு என்று நினைத்தார். வெளிச்சம் பெரிதாகிக்கொண்டே வந்தது.

பிரேக்கை அழுத்திய வேகத்தில் அவர் நெற்றி கண்ணாடியில் போய் முட்டியது. எதிரே அவசரமும் அழுத்தியிருந்தான். இரண்டு வண்டிகளும் கிறீச்சென்று தேய்ந்து, ஒரு ஆள் நுழையும் இடைவெளியில் முகத்தோடு முகம் நின்றன.

பிறகு அவசரம் இறங்கி நடந்து வந்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக வேகமாக நடந்தான்.

"அண்ணே, என்னண்ணே இது? நான் உள்ளே இருக்கேன், நீங்க எப்படி வந்தீங்க?"

"ஹெல்மெட் என்கிட்டதானே இருக்கு! நீ எப்படிடா உள்ளே போனே?"

"நீங்க மாட்டாம போனா அது உங்ககிட்டதான் இருக்கும்!"

சப்ளைக்காரர் சீட்டைத் திரும்பிப் பார்த்தார். ஹெல்மெட் சமத்தாக உட்கார்ந்திருந்தது. அப்போதுதான் அவருக்கு விஷயம் விளங்கியது. விளங்கியதும் சுவரைப் பிடித்துக்கொண்டார். யார் தப்பு என்று தேடவே வேண்டாம். அவர் தப்பு. அவர் போட்ட சட்டம், அவரே மீறினார். மெஷினுக்குப் பால் இவர் வண்டியில் இருக்கிறது. இவர் வண்டி போக வேண்டுமானால் அவசரத்தின் வண்டி வெளியே வர வேண்டும். அது வர வேண்டுமானால் இவர் வண்டி பின்னால் போக வேண்டும்.

சுவரில் இருந்த உள்போன் அடித்தது. மெஷின் ஓட்டுநர்.

"சப்ளை அண்ணே, எங்கே இருக்கீங்க? பால் தீர்ந்துடுச்சு. நிறுத்திட்டேன்."

நிறுத்திட்டேன். மெஷின் நின்றுவிட்டது. எங்கே நின்றது? அவருடைய வீட்டுக்கு அடியில். யாரால் நின்றது? அவரால். அவர் மெஷின் நிற்கிற பக்கமாகச் சுரங்கத்தின் கூரையை அண்ணாந்து பார்த்தார். அங்கே கூரைக்கு அந்தப் பக்கம் மண், மண்ணுக்கு மேலே சைக்கிள் கடையின் தரை, அதற்கு மேலே வக்கீலின் மேஜை, அதற்கும் மேலே ஒரு கட்டில். கட்டிலில் மகள், மகளுக்குள்ளே இன்னொன்று. மனைவி போனை எடுக்கவில்லை என்பதும் அப்போது பார்த்து ஞாபகம் வந்து தொலைத்தது. அந்த மனிதர் அழுதார். சும்மா கண் கலங்கினார் என்று சொல்லிப் பூசி மெழுக வேண்டியதில்லை, வாய்விட்டே அழுதார்.

"அண்ணே, அழுது என்ன பண்றது? வண்டியப் பின்னாடி எடுங்க" என்றான் அவசரம்.

எடுத்துப் பார்த்தார். எஞ்சின் உறுமியது, சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை. அந்த இடத்தில் பாதை மெஷினை நோக்கிச் சரிவு. பின்னால் போவதென்றால் ஏற்றம். போதாக்குறைக்கு எஞ்சின் நின்ற இடத்தில் ஒரு ஊற்று கசிந்து தண்டவாளம் வழவழவென்று இருந்தது. ஓடுகிற வண்டி அதைத் தாண்டிப் போய்விடும். நின்ற வண்டி அதிலிருந்து கிளம்பாது. மணலை அள்ளிப் போட்டார்கள். ஒரு முழம் நகர்ந்து மறுபடி வழுக்கியது. தொட்டியில் பால் கிளறிக்கொண்டே இருந்தது. அது இறுகிவிடாமல் இருக்க வேண்டுமே என்பது வேறு கவலை.

மெஷின் பக்கமிருந்து ஒரு கைவிளக்கு ஆடி ஆடி வந்தது. ஷிஃப்ட் இஞ்சினியர். வந்தவர் இரண்டு வண்டியையும் பார்த்தார், ஹெல்மெட்டையும் பார்த்தார், சப்ளைக்காரரின் முகத்தையும் பார்த்தார்.

"திட்டுறத அப்புறம் வச்சிக்கலாம்" என்றார். "தம்பி, உன் சேத்துப் பெட்டிங்களுக்குப் பிரேக் போடு, சக்கரத்துக்குக் கட்டை கொடு, சங்கிலியும் போட்டுக் கட்டு. எஞ்சினை மட்டும் கழட்டு. நீ முன்னாலேருந்து தள்ளு, அண்ணன் பின்னாலேருந்து இழுக்கட்டும். ரெண்டு எஞ்சின் சேர்ந்தா ஏறாதா என்ன?"

கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் அந்த நேரத்தில் அது அங்கே இருந்த இரண்டு டிரைவர்களுக்கும் தோன்றவில்லை. ஒருத்தர் அழுதுகொண்டிருந்தார், இன்னொருத்தன் அவர் அழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவசரம் பெட்டிகளுக்குக் கட்டை கொடுத்தான். நிதானமாகக் கொடுத்தான். ஒவ்வொரு கட்டையையும் உதைத்துப் பார்த்தான், சங்கிலியை இழுத்துப் பார்த்தான், திரும்ப வந்து இன்னொரு முறை உதைத்தான். சப்ளைக்காரருக்கு அவன் சட்டையைப் பிடித்து உலுக்கலாம் போல் இருந்தது. ஆனால் அந்தப் பெட்டிகள் சரிவில் உருண்டால் மெஷினில் வேலை செய்கிறவர்கள்மேல் போய்த்தான் விழும். அன்றைக்கு அந்த நிதானம்தான் வேண்டியிருந்தது, அது அவனிடம்தான் இருந்தது. பிறகு அவன் எஞ்சினைக் கழற்றிக் கொண்டுவந்து இவருடைய முன் பெட்டியோடு மெல்ல ஒட்டினான்.

"ரெடியாண்ணே?"

"ரெடிடா கண்ணு."

ஒரே சமயத்தில் இரண்டு எஞ்சினும் உறுமின. சப்ளைக்காரரின் சக்கரங்கள் வழுக்கின, வழுக்கின, பிறகு பிடித்தன. வண்டி நகர்ந்தது. ஈரத்தைத் தாண்டியதும் சரசரவென்று ஏறியது. கிராசிங்குக்கு வந்து ஒதுங்கியபோது அவர் சட்டை பிழிந்தால் சொட்டும் போல் இருந்தது. அவசரம் எஞ்சினோடு திரும்பிப் போய்ப் பெட்டிகளை மாட்டிக்கொண்டு, சேற்றோடு மேலே வந்து, பக்கத்துப் பாதையில் கடந்து போனான். கடக்கும்போது தலையை நீட்டினான்.

"அண்ணே, ஹெல்மெட்ட நீங்களே வச்சிக்கங்க. இப்ப அது உங்களோடதுதான்."

உள்ளே போய் மெஷினின் வால் பக்கம் வண்டியை நிறுத்திப் பால் குழாயை மாட்டினார்கள். பால் இறுகவில்லை. பம்ப் இழுக்க ஆரம்பித்தது. மெஷின் ஓட்டுநர் ஒலிபெருக்கியில் "ஓடுது" என்றார். காலடியில் தரை லேசாக அதிர்ந்தது. சப்ளைக்காரர் ஒரு கிரீஸ் டின்மேல் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இஞ்சினியர் மேலே லெவல் பார்க்கிறவர்களோடு போனில் பேசிவிட்டு வந்தார். கட்டிடத்துச் சுவரில் ஆணி அடித்து, தெருவில் முக்காலி போட்டு, அசைகிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ஆட்கள் அவர்கள்.

"அண்ணே, வீடு அசையலை. ஒரு மயிரிழைகூட இறங்கலையாம்."

சப்ளைக்காரர் எழுந்து கும்பிட்டார். இஞ்சினியர் அந்தக் கையை இறக்கிவிட்டார்.

"கும்பிடறதெல்லாம் இருக்கட்டும். ஒரு வாரத்துக்கு உங்களுக்கு வண்டி கிடையாது. மேலே போய்க் கான்கிரீட் துண்டுக்குத் தண்ணி அடிச்சுக் கழுவுங்க. இன்னைக்கு வீட்டுக்குப் போங்க. தூங்குங்க."

வண்டி கிடையாது என்று சொன்னால் வேறு நாளாக இருந்தால் மானம் போய்விட்டதாக நினைத்திருப்பார். அன்றைக்கு அந்தத் தண்டனையும் இனிப்பாகத்தான் இருந்தது. தலைக்கு வந்தது எவ்வளவு பெரியது என்று அவருக்குத்தான் தெரியும்.

குழியிலிருந்து மேலே வந்ததும் போன் அடித்துப் பார்த்தார். இப்போதும் மனைவி எடுக்கவில்லை. நடந்தார், பிறகு ஓடினார். தெருமுனை திரும்பியதும் கட்டிடம் தெரிந்தது. அவர் விட்டுப் போனபோது இருந்தது போலவே அழுக்காக, மழைக்கறையோடு, அதே கோணத்தில் நின்றது. அந்த அழுக்குச் சுவரை அன்றைக்கு மாதிரி ஆசையாக அவர் என்றைக்கும் பார்த்ததில்லை. படிகளை இரண்டிரண்டாக ஏறினார். சுவரில் புதிதாக விரிசல் எதுவும் இல்லை, பழைய விரிசல்கள் அந்தந்த இடத்தில் பத்திரமாக இருந்தன.

கதவைத் திறந்த மனைவி உதட்டில் விரலை வைத்தாள்.

"சத்தம் போடாதீங்க."

"என்ன ஆச்சு? ஏன் போனை எடுக்கலை?"

"போன் சத்தத்த காலையிலேயே அமுத்தி வச்சிட்டேன். சமையலறைக்கு வாங்க."

சமையலறையில் அவள் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். பாதி குடித்துவிட்டு அவர் சொம்பைக் கீழே வைத்தார். மறைக்கத் தெரியாத மனிதர். மாட்டாத ஹெல்மெட், முகத்துக்கு முகம் நின்ற வண்டி, தீர்ந்துபோன பால், எல்லாவற்றையும் கொட்டினார்.

"என்னாலதான் நின்னுச்சு. நம்ம வீட்டுக்கு நேர் கீழே. ஒண்ணரை மணி நேரம் அப்படியே நின்னுச்சு. நிக்காம கொண்டு போறேன்னு உங்கிட்ட சொல்லிட்டுப் போனவன் நான். ஏதாவது ஆயிருந்தா நான் உயிரோட வீட்டுக்கு வந்திருக்க மாட்டேன்."

மனைவி அவரையே பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எப்ப நின்னுச்சு? காலையில, வெயில் ஜன்னலுக்கு வந்த நேரமா?"

"ஆமா, அந்த நேரம்தான் இருக்கும்."

"அதுவா!" என்று அவள் வாயில் கை வைத்தாள். "ரெண்டு நாளா கீழேருந்து உர்ர்ருனு ஒரே உறுமல்ங்க. பாத்திரமெல்லாம் கிணுகிணுங்குது. கட்டில்ல படுத்தா முதுகுலயே கேக்குதாம். புள்ள ரெண்டு ராத்திரியா கண்ண மூடலை. இப்படியே தூங்காம இருந்தா ஆஸ்பத்திரியிலதான் சேர்க்கணும்னு டாக்டர் நேத்து போன்ல சொல்லிட்டாரு. உங்ககிட்ட சொன்னா போட்டது போட்டபடி ஓடி வந்துடுவீங்க, அப்புறம் மெஷின் நின்னுடும். அதான் ஒண்ணும் இல்லைன்னே சொல்லிக்கிட்டு இருந்தேன். கொஞ்சமாவது கண்ணசரட்டும்னு இன்னைக்கு விடிஞ்சதும் போனையும் அமுத்தி வச்சேன்."

"இப்ப?"

"இன்னைக்கு காலையில திடீர்னு சத்தம் நின்னுச்சு. நின்ன கொஞ்ச நேரத்துல தூங்கிட்டா. நான் பயந்துபோய் மூக்குகிட்ட விரல வச்சுப் பார்த்தேன், அப்படி ஒரு தூக்கம். அப்புறம் மறுபடி உறும ஆரம்பிச்சுது. அவ அசையவே இல்லை. இன்னும் தூங்குறா."

சப்ளைக்காரர் மெல்ல எழுந்து போய் அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். மகள் ஒருக்களித்துப் படுத்து, வயிற்றின்மேல் ஒரு கையைப் போட்டுக்கொண்டு, வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். தரைக்கு அடியில் எங்கேயோ மெஷின் உறுமிக்கொண்டு நகர்ந்துகொண்டிருந்தது. அவர் சிரித்தார், சிரிக்கும்போதே கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது.

மனைவி பின்னால் வந்து நின்று காதோடு சொன்னாள்:

"வாழ்க்கையில ஒரே ஒரு நாள்தான் லேட்டா போயிருக்கீங்க. அன்னைக்குத்தாங்க வீட்டுக்கு உபயோகமா இருந்திருக்கீங்க."